தனி எழுத்துரு அழகுக்கு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழ் இணையதளங்கள் தங்களுக்கென்று தனி எழுத்துருவை (ஃபான்ட்) வைத்துக்கொள்வது வரவேற்கத்தக்கதே. ஆனால், அது எல்லா உலாவிகளிலும் (பிரவுசர்) பிழையின்றித் தெரிகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவாக இருப்பதால், இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1990களின் இறுதியில் பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்து இறங்கும் வசதி வந்தபோது, அன்றைய உலாவிகளான இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு கோப்பு வடிவமும் நெட்ஸ்கேப்புக்கு இன்னொன்றும் தேவைப்பட்டன. எழுத்துரு இறங்காத கணினியில், தனிக் குறியாக்கத்தில் அமைந்த தமிழ்ப் பக்கம் பொருளற்ற ரோமன் எழுத்துகளாக விரிந்தது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு பரவியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. எழுத்துரு வராவிட்டாலும் விண்டோஸில் உள்ள லதா, நிர்மலா போன்ற தமிழ் எழுத்துருக்கள் கைகொடுக்கும். இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி 2018-இல் பரிந்துரையாக வெளியிட்ட வாஃப்2 என்ற எழுத்துருக் கோப்பு வடிவம் ஒன்றே இன்றைய குரோம், சஃபாரி, ஃபயர்பாக்ஸ், எட்ஜ் அனைத்துக்கும் போதும்.

இப்போதைய குறைகள் வேறு வகையானவை. எழுத்துருக் கோப்பின் அளவைக் குறைக்க வேண்டாத எழுத்துகளை நீக்கும்போது, எழுத்துகள் இணையும் விதிகள் அடங்கிய ஜிசப் அட்டவணையும் சில வேளைகளில் சேர்ந்து போய்விடுகிறது. உடனே ‘கு’, ‘மூ’ போன்றவற்றில் உகர, ஊகாரக் குறிகள் ஒட்டாமல் தனியே நிற்கும், ‘ஸ்ரீ’ சிதறிவிடும். தடித்த எழுத்துக்கென்று தனிக் கோப்பு தராவிட்டால், உலாவி சாதாரண எழுத்தையே தானாகத் தடிக்க வைக்கிறது. தலைப்பில் வரும் ‘ண’, ‘ணை’ ஆகியவற்றின் சுழிகள் அடைபட்டுப்போவது பெரும்பாலும் இதனால்தான். எழுத்துரு வந்து சேரும்வரை குரோமும் ஃபயர்பாக்ஸும் சுமார் 3 விநாடி எழுத்தையே காட்டாமல் வைத்திருப்பதும் உண்டு; தளத்தின் நிரலில் ‘ஃபான்ட்-டிஸ்பிளே: ஸ்வாப்’ என்ற ஒரு வரியைச் சேர்த்தால், கருவியிலுள்ள எழுத்துருவில் செய்தி உடனே தெரியும். மெதுவான இணைப்பில் படிப்பவருக்கு அந்த 3 விநாடி சிறிதன்று.

இவை வடிவமைப்பாளரின் கண்ணில் படாமல் போவதற்கு ஒரு காரணம், அவருடைய கணினியில் அந்த எழுத்துரு முன்பே நிறுவப்பட்டிருப்பதும், நிரலில் ‘லோக்கல்’ (கணினியிலேயே உள்ளது) என்று குறித்திருந்தால் உலாவி, தளத்தின் கோப்பை விட்டு, அதையே எடுத்துக்கொள்வதும் ஆகும். ஐபோனில் குரோமைத் திறந்து பார்த்து, இரு உலாவிகளில் சோதித்துவிட்டோம் என்று நிறைவடைபவர்களும் உண்டு; அங்கே உள்ளே இயங்குவது பெரும்பாலும் சஃபாரியின் பக்கம் காட்டும் மென்பொருளான வெப்கிட்தான்.

எனவே, தளத்தை உருவாக்கித் தரச் சொல்லும் நிறுவனங்கள், பணம் கொடுத்துமுடிப்பதற்கு முன், அந்த எழுத்துரு நிறுவப்படாத ஒரு விண்டோஸ் கணினி, விலை குறைந்த ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி, ஓர் ஐபோன் ஆகியவற்றில், உகர ஊகார எழுத்துகளும் ‘ஸ்ரீ’யும் ‘ணை’யும் அடங்கிய ஒரு பத்தியைச் சாதாரண எழுத்திலும் தடித்த எழுத்திலும் காட்டச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை