தரையில் இறங்கிய வல்லூறுக் குஞ்சு: அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ஹாரிஸ்பர்க் நகரத்தில், முதல் பறப்பில் தெருவில் விழுந்துவிடும் வல்லூறுக் குஞ்சுகளைச் சிலர் காவலிருந்து மீட்பதைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நீங்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. பறக்கத் தெரிந்த குஞ்சு பிழைப்பதும் தெரியாதது மடிவதும் இயற்கை வகுத்த வழி, அதன் நடுவே மனிதர்கள் அட்டைப்பெட்டியோடு தெருவில் நின்று குறுக்கிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இதே கேள்வியை வேறு பலரும் கேட்கிறார்கள் என்பதால், உங்கள் ஒப்புதலோடு பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

பென்சில்வேனியாவின் தலைநகரான ஹாரிஸ்பர்க்கில், மார்க்கெட் தெருவில், ரயில் நிலையத்துக்கு அருகே, ரேச்சல் கார்சன் மாநில அலுவலகக் கட்டடம் நிற்கிறது. அதன் 15-ஆவது மாடியின் வெளி விளிம்பில் பொரி வல்லூறுகளின் கூடு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு முதல் அங்கே குஞ்சுகள் வளர்ந்து பறந்திருக்கின்றன. வழக்கமாக மூன்று அல்லது நான்கு முட்டைகள், அடைகாப்பு ஒரு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக, பிறகு ஏறத்தாழ ஆறு வாரங்களில் முதல் பறப்பு. ஆண் குஞ்சுகள் எடை குறைந்தவை என்பதால் பெரும்பாலும் அவையே முதலில் கிளம்பும். நீங்கள் கேட்ட அந்தக் காவல், ஜூன் மாதத்தில் வரும் அந்தச் சில நாட்களுக்கு மட்டும்தான்.

வல்லூறு மலைமுகட்டுப் பறவை. செங்குத்தான பாறையிலிருந்து முதன்முதலாகப் பாயும் குஞ்சு தடுமாறினாலும், கீழே இன்னொரு பாறைத் திட்டோ மரமோ சரிவோ அதைத் தாங்கிக்கொள்ளும். பாறையை மோதி மேலெழும் காற்று அதன் சிறகுக்கு உதவும். அங்கே உட்கார்ந்து கத்தினால் தாய் இரையோடு வந்துவிடும், மறுநாள் அது இன்னும் நன்றாகப் பறக்கும். நகரத்தில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. சுவர்கள் வழவழப்பானவை, நகத்தால் பற்ற இடம் கிடைக்காது. கண்ணாடி வானத்தைக் காட்டுகிறது, குஞ்சு அதை வானம் என்றே நம்பி மோதுகிறது. கட்டடங்களுக்கு இடையே காற்று எதிர்பாராத பக்கம் திரும்புகிறது. இவ்வளவையும் தாண்டிக் காயமின்றித் தரைக்கு வந்துவிட்டாலும், அந்த வயதுக் குஞ்சால் சமதளத்திலிருந்து நேராக எழும்பி உயரம் பிடிக்க முடியாது, ஏனெனில் அதன் பறப்புத் தசைகள் இன்னும் முழு வலு பெறவில்லை. சிக்னல் விழுந்ததும் கிளம்பும் பேருந்துக்கு வலுவான குஞ்சும் நோஞ்சான் குஞ்சும் ஒன்றுதான். தகுதியுள்ளது பிழைக்கும் என்று நீங்கள் சொன்ன விதி அந்தச் சாலையில் செயல்படுவதே இல்லை, அண்ணா.

அங்கே நிற்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மீட்பு என்று கேட்டவுடன் ஓடிப் பிடிப்பதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவர்களுடைய வேலையில் பெரும்பகுதி அண்ணாந்து பார்ப்பது. குஞ்சுகளுக்குச் சுமார் மூன்று வாரம் ஆகும்போது வனவிலங்கு அதிகாரிகள் கால்வளையம் பூட்டுவார்கள். வளையத்தின் மேல் ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு நிறத்தில் நாடா ஒட்டுவது பல நகரங்களில் வழக்கம், கீழே நிற்பவர் பைனாகுலரில் பார்த்தே எந்தக் குஞ்சு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு குஞ்சு மூன்றாம் மாடி ஜன்னல் திண்டில் இறங்கி மணிக்கணக்காக அசையாமல் இருந்தால், அதை அப்படியே விட்டுவிட வேண்டும். பார்ப்பதற்குப் பரிதாபமாக இருக்கும். கீழே கூடியவர்கள் ஏணி கொண்டுவரச் சொல்லி வற்புறுத்துவார்கள். ஆனால் அந்தக் குஞ்சு அங்கிருந்து தானாகவே பறக்கக்கூடும், நெருங்கினால் மிரண்டு சாலைக்குள் பாய்ந்துவிடும். எப்போது கை வைக்கக் கூடாது என்று அறிந்திருப்பதே இந்தப் பயிற்சியின் பெரும்பகுதி என்று நான் கருதுகிறேன்.

குஞ்சு தரைக்கு வந்துவிட்டால்தான் நிலைமை மாறும். அப்போது சிலர் வாகனங்களையும் நாய்களையும் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வருபவர்களையும் தடுத்து நிறுத்த, பயிற்சி பெற்ற ஒருவர் பின்பக்கமாக அணுகி ஒரு துண்டைப் போர்த்தி அதை எடுப்பார். கண் மறைந்ததும் பறவை அடங்கிவிடும். காற்றோட்டமுள்ள பெட்டியில் வைத்து, தெரிந்தவர் சிறகையும் கண்ணையும் பரிசோதித்து, அடிபடவில்லை என்றால் கட்டடத்தின் மேல்தளத்துக்குக் கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து வைப்பார்கள். காற்றில் எறிவதில்லை. அது தானாக வெளியே நடந்து வந்து, தானாக நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும். மேலே போகிறவர்கள் தலைக்கவசம் அணிந்து, துடைப்பத்தைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு போவதுண்டு, ஏனெனில் இரை மீது பாயும்போது மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டக்கூடிய அந்தத் தாயும் தந்தையும் தம் குஞ்சை நெருங்கும் எவரையும் விடுவதில்லை. மனிதர் தொட்ட குஞ்சைப் பெற்றவை ஒதுக்கிவிடும் என்ற நம்பிக்கை நம் ஊரிலும் உண்டு. வல்லூறு அப்படி ஒதுக்குவதில்லை, வழக்கம்போல் இரை கொண்டுவந்து கொடுக்கும். மீட்பு என்பது இவ்வளவே: விழுந்த உயரத்தைத் திருப்பித் தருவது. காயம்பட்ட குஞ்சு மட்டும் உரிமம் பெற்ற மறுவாழ்வு மையத்துக்குப் போகும், அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சட்டம் எவருக்கும் இடம் தரவில்லை.

இந்தப் பறவை நகரத்துக்கு எப்படி வந்தது என்பதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வயல்களிலும் காடுகளிலும் கொட்டப்பட்ட டி.டி.டி. என்ற பூச்சிக்கொல்லி, பூச்சியிலிருந்து சிறு பறவைக்கும், அதிலிருந்து வல்லூறுக்கும் ஏறியது. முட்டை ஓடு மெலிந்தது, அடைகாக்க உட்கார்ந்த தாயின் எடையே முட்டையை உடைத்தது. 1960-களின் நடுவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு கட்டும் பொரி வல்லூறு ஒன்றுகூட மிஞ்சவில்லை. பூச்சிக்கொல்லிகளின் கேட்டை 1962-இல் நூலாக எழுதிப் பெரும் எதிர்ப்பைச் சந்தித்த ரேச்சல் கார்சன், இதே பென்சில்வேனியாவில் ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் 1907-இல் பிறந்தவர். 1964-இல் அவர் மறைந்தார். அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது 1972-இல். தம் பெயர் தாங்கிய கட்டடத்தில் வல்லூறுகள் குடியேறுவதைப் பார்க்க அவருக்கு வாய்க்கவில்லையே என்பது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

தடை மட்டுமே பறவையைத் திருப்பிக் கொண்டுவந்துவிடவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாம் கேட் என்ற அறிஞர் 1970-இல் தொடங்கிய பெரெக்ரின் நிதியம் (பெரெக்ரின் என்பது பொரி வல்லூறின் ஆங்கிலப் பெயர்), கூண்டில் இனப்பெருக்கம் செய்து, குஞ்சுகளைப் பெட்டிகளில் வைத்து உயரமான இடங்களிலிருந்து பறக்கவிட்டது. தாய் தந்தை இல்லாத அந்தக் குஞ்சுகளுக்கு இளைஞர்கள் பல வாரங்கள் காவலிருந்து, தங்கள் முகம் தெரியாதபடி குழாய் வழியே இரை போட்டார்கள். பழைய மலைமுகடுகளில் விடப்பட்ட குஞ்சுகளைக் கொம்பு ஆந்தைகள் கொன்று தின்றதால், கோபுரங்களும் நகரக் கட்டடங்களும் பாதுகாப்பான இடங்களாகக் கருதப்பட்டன. அப்படிக் கட்டடத்தின் மீது நாம் வைத்த பறவைகளின் வழித்தோன்றல்கள்தாம் இன்று நகரங்களில் பறக்கின்றன. தெருவில் பைனாகுலரோடு நிற்பவர்களை அந்தப் பழைய காவலர்களின் தொடர்ச்சியாகவே நான் பார்க்கிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். 1999-இல் கூட்டாட்சி அரசின் அழிவுநிலைப் பட்டியலிலிருந்தும், 2021-இல் பென்சில்வேனியாவின் பட்டியலிலிருந்தும் இந்தப் பறவை நீக்கப்பட்டுவிட்டது. இனம் பிழைப்பது இனி ஒரு குஞ்சின் உயிரைப் பொறுத்ததில்லை. மீட்கப்பட்டவை உட்பட, பறந்து சென்றவற்றில் பல முதல் ஆண்டைத் தாண்டுவதில்லை. பசியாலும் வேட்டையில் பழக்கமின்மையாலும் அவை மடியும்போது எவரும் பின்தொடர்ந்து காப்பாற்றப் போவதில்லை, போகவும் கூடாது. கூட்டை நேரலையில் காட்டும் கேமராவில் பார்த்துவிட்டு, கடைசியாகப் பிறந்த குஞ்சுக்கு இரை போதவில்லை, உடனே எடுத்து வளருங்கள் என்று கோருபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய மனத்தை மதிக்கிறேன், ஆனால் அந்த இடத்தில் நான் உங்கள் கட்சி. கூட்டுக்குள் நடப்பது பறவைகளின் விவகாரம். கண்ணாடியும் தார்ச்சாலையும் நாம் போட்டவை, அவை விளைவிக்கும் சாவுக்கு நாம் பொறுப்பேற்பதை இயற்கையில் குறுக்கிடுவது என்று என்னால் எண்ண முடியவில்லை.

வரும் ஜூனில் அலுவலக வேலையாக ஹாரிஸ்பர்க் வருவதாகச் சொன்னீர்கள். ரயிலிலிருந்து இறங்கி சில அடி நடந்தாலே அந்தக் கட்டடத்தின் அடியில் நிற்பீர்கள். ஒரு மாலை நேரம் ஒதுக்குங்கள். ஒருவேளை குஞ்சு தரையில் இருப்பதைப் பார்த்தால் அதன் அருகே போகாமல், அதற்கும் சாலைக்கும் நடுவே சற்றுத் தள்ளி நின்றுகொண்டு, காவலில் இருப்பவர்களைக் கூப்பிடுங்கள். யாரும் கண்ணில் படாவிட்டால் மாநில வனவிலங்கு ஆணையத்தை அழையுங்கள். அவர்கள் வந்து சேரும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி