கர்ரி மரம் அறுத்தவர்கள்: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை, இங்கே பன்பரியில் குளிர் குறைந்ததும் தோட்டத்தில் இறங்கிவிட்டாள்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில், டேவிஸ் குடும்பம் மர மில் நடத்திய பழைய ஊரான கரிடேல் பக்கம் எடுத்த படங்களை அனுப்பியதும் நீ போட்ட பதிலைப் படித்தேன். "காட்டை மொட்டையடித்த ஒரு முதலாளி குடும்பத்தின் பெருமையைப் பார்க்க அவ்வளவு தூரம் போகணுமாப்பா?" போனில் பேசினால் ரெண்டு பேரும் சண்டைதான் போடுவோம். அதனால்தான் கடிதம். பொறுமையாகப் படி.

நீ சொன்னது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்ல, மரவாடியில் வளர்ந்தவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது.

கரிடேலுக்குப் பக்கத்துக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர்கள் முதலில் குடியேற வந்தது 1830-இல். பிளாக்வுட் ஆறு கடலில் சேரும் அகஸ்டாவில் மொல்லாய், பஸ்ஸல், டர்னர் என்று சில குடும்பங்கள் இறங்கின. கோதுமை போட வந்தவர்கள் அவர்கள். கரை ஏறினால் எதிரே வானத்தை முட்டும் மரங்கள். ஒரு மரத்தைச் சாய்த்து, அதன் வேரையும் கிளப்பி, அந்த இடத்தில் விதைப்பதற்குள் வருஷமே போய்விடும். ஜார்ஜியானா மொல்லாய் என்ற பெண்ணுக்கு வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே கூடாரத்தில் பிரசவம். அந்தக் குழந்தை தங்கவில்லை. பிறகு ஒரு மகன் கிணற்றில் விழுந்து போனான். அதற்கு நடுவிலும் அந்த அம்மா காட்டுச் செடிகளின் விதைகளைப் பொறுக்கி, காயவைத்து, பேர் எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் பஸ்ஸல்களும் மொல்லாய்களும் மரம் குறைந்த நிலம் தேடி வடக்கே, இன்றைய பஸ்ஸல்டன் பக்கம் போய்விட்டார்கள்.

அவர்களை விரட்டிய அதே மரத்தை நம்பி, அரை நூற்றாண்டு கழித்து ஒருவர் வந்தார். மாரிஸ் கோல்மன் டேவிஸ். 1835-இல் லண்டனில் பிறந்தவர், சின்ன வயதிலேயே டாஸ்மேனியாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். விக்டோரியாவின் தங்க வயல்கள், அடிலெய்ட் என்று சுற்றி, ஒப்பந்த வேலையும் மர வியாபாரமும் பழகிக்கொண்டு 1870-களில் மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு வந்தார். மண்ணுக்காக வந்தவர்களுக்கு மரம் இடைஞ்சல். இவருக்கு அதுதான் மூலதனம். அரசிடம் பெரிய பரப்புக்கு மரம் வெட்டும் உரிமம் வாங்கினார், ஹாமலின் விரிகுடாவில் கப்பல்துறைப் பாலம் போட்டார், 1880-களில் கரிடேலில் மில் வைத்தார். மகன்களும் தொழிலில் இறங்கினார்கள். கேப் லூயினில் நீ ஏறிப் பார்த்த கலங்கரை விளக்கத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர்களிலும் இவர் ஒருவர். 1896 டிசம்பரில் அதில் விளக்கேற்றினார்கள்.

முதலாளி கதை அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது வேலையின் கதை.

அவர்கள் வெட்டிய கர்ரி ஒரு யூகலிப்டஸ் வகை மரம், எண்பது மீட்டருக்கு மேலும் வளரும். அடிமரம் விரிந்து பருத்திருப்பதால் தரையில் நின்று வெட்ட மாட்டார்கள். மரத்தில் பள்ளம் கொத்தி, முனையில் இரும்பு மாட்டிய பலகையைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று எதிரும் புதிருமாக ரெண்டு பேர் கோடாரி போடுவார்கள். அப்புறம் நீள ரம்பம். மரம் எந்தப் பக்கம் விழும் என்பதை அந்த முதல் வெட்டு வாய்தான் முடிவு செய்யும். விழும்போது மேலேயிருந்து ஒரு காய்ந்த கிளை முறிந்து வந்தால் ஆள் காலி. பச்சைக் கர்ரி தண்ணீரில் மிதக்காது, கல் மாதிரி முழுகிவிடும். அதனால் மற்ற நாடுகளில் செய்வதுபோல் தடிகளை ஆற்றில் விட்டுக் கொண்டுபோக வழியில்லை. குதிரையும் மாடும் இழுத்து வந்த தடியை ஏற்றக் காட்டுக்குள்ளேயே தண்டவாளம் போட வேண்டியிருந்தது, நீராவி எஞ்சின் வாங்க வேண்டியிருந்தது. ஒரு மரம் தண்ணீரில் முழுகுவதால் ஒரு ரயில் பாதையே வந்தது என்றால் பார்த்துக்கொள்.

மில்லுக்குள் வந்த பிறகும் அந்த மரம் அடங்காது. யூகலிப்டஸ் வகை பெரும்பாலும் உள்ளுக்குள் விறைப்போடு வளர்பவை. ரம்பம் உள்ளே போனதும் அந்த விறைப்பு விட்டு, பலகை வில்லாக வளையும். திருப்பிப் போட்டு அறுக்கத் தெரிந்தவன் கையில்தான் நேராக வரும். நம் செங்கோட்டையில் தேக்கு அறுத்தவர்களுக்கு இந்தத் தலைவலி தெரியாது. ஆனால் தாத்தாவுக்கு வேறு தலைவலி இருந்தது. தடியை உயரத்தில் ஏற்றி வைத்து, மேலே ஒருவர் கீழே ஒருவர் என்று ரம்பம் இழுத்த காலத்தில் அவர் கீழே நின்றவர். தூள் முழுக்கக் கண்ணில்தான் விழும். மில்கள் வருவதற்கு முன் இந்தப் பக்கத்திலும் பள்ளம் தோண்டி, ஒருவர் மேலே ஒருவர் உள்ளே நின்று அறுத்தார்கள் என்று படித்தபோது எனக்குத் தாத்தாவின் சிவந்த கண்தான் ஞாபகம் வந்தது. நான் அங்கே போனதற்குக் காரணம் கேட்டாயே, இதுதான்.

கரிடேலில் வீடு, கடை, ஆஸ்பத்திரி, நூலகம், குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் இருந்தன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மில் ஊர் என்றால் வேலை கொடுப்பவரேதான் வீடு கொடுப்பவரும். வேலை போனால் கூரையும் போகும். பற்று வரவு நோட்டு எழுதியவன் நான், சம்பளம் கைக்கு வருவதற்குள் எப்படிக் கரையும் என்று எனக்குத் தெரியும். இந்த இடத்தில் நான் உன் பக்கம்தான்.

இன்னொரு விஷயத்திலும் உன் பக்கம். அந்த உரிமத்தை அரசு கொடுத்தது, சரி. அரசுக்கு யார் கொடுத்தார்கள்? அது அங்கேயே காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளான வதாண்டி நூங்கார் மக்களின் நிலம். 1841-இல் பஸ்ஸல்டன் பக்கத்து வொன்னரப்பில் ஜார்ஜ் லேமன் என்ற குடியேறி ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டபோது, மொல்லாயும் பஸ்ஸல்களும் ஆட்களோடு கிளம்பிப் போய் வதாண்டி மக்களைக் கொன்றார்கள். விதை பொறுக்கிய ஜார்ஜியானாவின் கணவர்தான் அந்த மொல்லாய். டேவிஸ் மில் வைப்பதற்கு நாற்பது வருஷம் முன்பே காட்டின் உரிமை இப்படித் தீர்க்கப்பட்டுவிட்டது. அவர் கையில் ரத்தம் இல்லை, காகிதம்தான் இருந்தது. அதனால் அது நியாயம் ஆகிவிடாது.

ஆனால் நீ கோபப்படுகிற காரணமும் நான் கோபப்படுகிற காரணமும் ஒன்றில்லை. மரத்தை வெட்டியதே பாவம் என்கிறாய். மரம் வெட்டித்தான் நம் வீட்டில் அடுப்பு எரிந்தது, உன் அப்பா படித்ததும் அந்தக் காசில்தான். என் கேள்வி, எதற்காக வெட்டினார்கள் என்பது. இங்கே ரெண்டு மரம் உண்டு. ஜாரா கரையானுக்கு அசையாது, மண்ணில் கிடந்தாலும் உழைக்கும். அதனால் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டையாகக் கப்பல் ஏறி இந்திய ரயில்வே வரைக்கும் போனது. அது ஒரு உருப்படியான வேலை. கர்ரிக்கு பலம் அதிகம், ஆனால் மண்ணில் போட்டால் கரையான் தின்றுவிடும். பாலத்துக்கும் உத்தரத்துக்கும் அது அருமையான மரம். அதில் எவ்வளவோ மரத்தைச் செங்கல் அளவுக்குத் துண்டு போட்டு லண்டன் தெருக்களில் பதித்தார்கள்! குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கக் கூடாதாம். நூற்றுக்கணக்கான வருஷம் நின்ற மரம், குதிரைச் சாணிக்கு அடியில். மோட்டார் வண்டி வந்ததும் தார் போட்டு மூடினார்கள், பெயர்த்தும் எடுத்தார்கள். ஒரு மரக்காரனுக்கு வயிறு எரிகிறது இந்த இடத்தில்தான். நீ தினமும் நடக்கும் ஊர் அது, அதையும் நினைத்துக்கொள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. 1900 ஜூலையில் ஒரு புயல், ஹாமலினில் நின்ற கப்பல்களைக் கரையில் தூக்கி எறிந்தது. 1902-இல் பல மரக் கம்பெனிகளைச் சேர்த்து மில்லர்ஸ் என்ற ஒரே கம்பெனியாக்கினார்கள், டேவிஸ் கம்பெனியும் அதற்குள் போயிற்று. அவர் 1913-இல் காலமானார். மிச்சமிருந்த கரிடேலை 1961 காட்டுத்தீ தின்றது.

உன் பதிலில் இன்னொரு வரி இருந்தது. போரானப் காட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்த ஒரு காட்டையாவது விட்டுவைத்தார்களே" என்று எழுதியிருந்தாய். பாப்பா, அது டேவிஸ் ஆட்கள் வெட்டிய காடுதான். நீ பார்க்கும் வெள்ளை வெளேர் மரங்கள் எல்லாம் அதற்கப்புறம் தானாக முளைத்தவை, நூறு வயசு தாண்டியவை. இதைச் சொல்லி வெட்டியது சரி என்று நான் வாதாடவில்லை. பழைய மரத்தில் இருக்கும் பொந்துகள் இந்த மரங்களுக்கு வர இன்னும் எவ்வளவோ காலம் ஆகும், அதில் குடியிருக்கும் கறுப்புக் காக்கட்டூ கிளிகள் அதுவரை காத்திருக்க முடியாது. ஆனால் வெட்டினால் முடிந்தது கதை என்று நீ எழுதியிருந்தாயே, அது மட்டும் சரியில்லை.

2024 தொடக்கத்திலிருந்து இந்த மாநிலத்தில் இயற்கைக் காடுகளில் வியாபாரத்துக்குப் பெரிய அளவில் மரம் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். நீ சந்தோஷப்படுவாய், நானும்தான். எங்களோடு சனிக்கிழமை நடக்க வரும் ஒருவர் மூன்று தலைமுறை மில்காரர். அவரிடம் அதைச் சந்தோஷமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ வரும்போது அவரிடம் பேசிப் பார். என்னிடம் போடும் சண்டையை அவரிடம் போடாதே, முதலில் கேள்.

டிசம்பரில் லீவு கிடைத்துவிட்டதா? வந்தால் போரானப்பிலிருந்து ஹாமலின் வரை காரில் கூட்டிப்போகிறேன். பழைய பாலத்தின் தூண்கள் கடலில் இன்னும் நிற்கின்றன, கரையோரம் திருக்கை மீன்கள் காலடிக்கே வரும். மூடின ஷூ கொண்டு வா, வெயில் காலத்தில் புதரோரம் பாம்பு இருக்கும். அம்மா இட்லிப் பொடி போன வாரம் பார்சலில் அனுப்பினாள், கிடைத்ததும் சொல். பதிலைக் கடிதமாகவே எழுது. வாய்ஸ் மெசேஜில் நீ பேசும் வேகத்துக்கு எனக்குப் பாதி புரிவதில்லை.

அன்புடன்,
அப்பா