பாயிண்ட் யாருக்குச் சொந்தம்?

காசிமேடு
சென்னை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. வீட்டில் எல்லாரும் நலம். சின்னவன் இப்போது மெட்ரோவில்தான் வேலைக்குப் போய் வருகிறான். நாம் பீச் ஸ்டேஷன் வரை படியில் தொங்கிக்கொண்டு போன கதையைச் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறான். கடை வியாபாரம் பரவாயில்லை. கயிறும் படகு லைட்டும் ஓடுகின்றன, மற்றதெல்லாம் தூசி படிந்து கிடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கு? பிரைவசி எல்லாம் காசு உள்ளவன் கவலை" என்று எழுதியிருக்கிறாய். பேங்கில் உட்கார்ந்து அடுத்தவன் கணக்கை அவன் பெண்டாட்டிக்குக்கூடச் சொல்லாமல் காலம் தள்ளியவன் நீ. உன் பேனாவிலிருந்து இந்த வரியா? ஒரு காலை என் கடையில் வந்து உட்கார். அந்தச் சொல்லைக் கேள்விப்படாமலேயே அதற்காக மல்லுக்கு நிற்பவர்களைக் காட்டுகிறேன். ஒருவரும் காசு உள்ளவர் இல்லை.

இங்கே விசைப்படகுகளில் இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் பொருத்தியிருக்கிறார்கள். நல்ல சாமான். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளிப் போனாலே போனில் சிக்னல் செத்துவிடும் என்பது உனக்குத் தெரியும். இந்தப் பெட்டி செயற்கைக்கோள் வழியாகப் பேசும். புயல் எச்சரிக்கை அதன் வழியாகக் கைபேசிக்குத் தமிழிலேயே வரும். ஆபத்தென்று பொத்தானை அழுத்தினால் படகு நிற்கும் இடம் கரைக்குத் தெரிந்துவிடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்துக்காரர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். அவர்களுக்குச் செய்தி சொல்ல வழியே இல்லை. போனவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அதைப் பார்த்த யாரும் இந்தப் பெட்டி வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள், நானும் சொல்லவில்லை.

ஆனால் பெட்டி ஆபத்துக்கு மட்டும் வாய் திறப்பதில்லை. படகு எங்கே இருக்கிறது என்று அவ்வப்போது அனுப்பிக்கொண்டே இருக்கும். சண்டை ஆரம்பிப்பது அங்கேதான்.

பாயிண்ட் என்று இங்கே ஒன்று உண்டு. கடலுக்கடியில் பார், அதாவது பாறைத்திட்டு, இருக்கும் இடம், எப்போதோ கப்பல் மூழ்கிய இடம், குறிப்பிட்ட மாதத்தில் மீன் கூடும் இடம், அப்புறம் வலை மாட்டிக் கிழியும் இடம், இதையெல்லாம் ஜி.பி.எஸ். பெட்டியில் குறித்து வைத்துக்கொள்வார்கள். அப்பா காலத்தில் இதைக் கண்ணாலேயே செய்தார்கள். ஐகோர்ட் கூம்பு சர்ச் கோபுரத்துக்குப் பின்னால் மறையும்போது நிறுத்து, அந்த மாதிரிக் கணக்கு. அந்தக் கூம்பில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கே எரிந்தது, அதனால் இருட்டிலும் கணக்குத் தப்பாது. இன்று கூம்புக்குப் பதில் எண்கள். ஆனால் அப்பா தன் கணக்கைத் தம்பிக்குச் சொல்லாத மாதிரியே இவர்களும் எண்ணைச் சொல்வதில்லை.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் என் மச்சான் படகை விற்றான். வாங்க வந்தவர் இன்ஜினைப் பார்த்தார், பலகையைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஜி.பி.எஸ். பெட்டியை ஆன் செய்து பட்டியலைக் கீழே உருட்டிக்கொண்டே போனார். முகம் மலர்ந்துவிட்டது. "பெட்டியும் சேர்த்துத்தானே விலை?"

"பெட்டி சேர்த்துத்தான், பாயிண்ட் சேராது" என்றான் மச்சான்.

வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் படகை ஓட்டிய டிரைவர் குறுக்கே வந்தார். "ரெண்டு பேரும் என்னா பேசிக்கினு இருக்கீங்க? அதுல ஒவ்வொண்ணும் நான் போட்டது. ஓனரு கரையில டீ குடிச்சினு இருந்தாரு." மச்சான் விடவில்லை, "டீசலும் ஐஸும் யார் காசு?" என்றான். வாங்க வந்தவர், வீட்டை விற்றால் சாவியையும் கொடுக்கத்தானே வேண்டும் என்கிறார். நீ நீதிபதியாக இருந்தால் யாருக்குக் கொடுப்பாய்? எனக்கு டிரைவர் பக்கம்தான் நியாயம் தெரிந்தது. கடைசியில் அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் அத்தனை எண்களையும் எழுதி எடுத்துக்கொண்டார், பெட்டியில் எல்லாம் அழிக்கப்பட்டது, மச்சான் விலையில் கொஞ்சம் இறங்கி வந்தான். பெட்டி பழுதானால்கூட ரிப்பேர் கடையில் விட்டுவிட்டு வரமாட்டார்கள், தெரியுமா? பையன் காப்பி எடுத்துவிடுவான் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது சொல். அந்த டிரைவர் என்ன தப்பு செய்தார்? ஒன்றுமில்லை. மறைக்க அவரிடம் இருக்கிறதா? அவர் பிழைப்பே அதுதான்.

டிரான்ஸ்பாண்டர் பெட்டி பாயிண்டைச் சொல்லவில்லையே, படகின் தடத்தை மட்டும்தானே சொல்கிறது என்று நீ கேட்பாய். தடம் போதும் சேகர். வலை இழுக்கும் படகின் வேகம் குறையும், திரும்பித் திரும்பி அதே இடத்தில் சுற்றும். வேகத்தையும் திசையையும் வைத்தே எங்கே மீன் பிடித்தான் என்று கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். கூகுளும் ஓசியானா, ஸ்கைட்ரூத் என்ற அமைப்புகளும் சேர்ந்து 2016-இல் இதையேதான் உலகம் முழுவதற்கும் செய்து காட்டின. பெரிய கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க அனுப்பும் சிக்னலை எடுத்து, மீன்பிடி வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். திருட்டு மீன்பிடியைப் பிடிக்க அது உதவுகிறது, அதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இங்கே அத்தனை படகின் தடமும் வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் சேர்ந்தால், நோட்டைத் திறக்காமலேயே நோட்டில் இருப்பதெல்லாம் யாரோ ஒருவன் கையில் வந்துவிடும்.

இதை ஒருநாள் கடையில் சொன்னேன். சின்ன பைபர் படகுக்காரர் ஒருவர் பாய்ந்துவிட்டார். "நல்லா ஊருக்கே காட்டட்டும்! எங்க வலைய அறுத்துக்கினு போறவன் யாருன்னு தெரியணும்." அவர் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையோரம் குறிப்பிட்ட தூரம் வரை சிறு படகுகளுக்கானது, விசைப்படகு அங்கே வலை இழுக்கக் கூடாது. இழுக்கிறார்கள். மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலை பற்றிய வழக்கில் 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால அனுமதி கொடுத்தபோது வாரத்தில் இரண்டே நாள், 12 கடல் மைலுக்கு அப்பால் என்று கட்டுப்பாடு போட்டது. படகில் தடம் காட்டும் கருவி இருக்க வேண்டும் என்பதும் அதில் ஒரு நிபந்தனை. கருவி இல்லாமல் அந்த உத்தரவை யார் கண்காணிக்க முடியும்?

ஆக, காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சட்டம் போட்ட எல்லைக் கோட்டைத் தாண்டினானா என்று பார்க்கட்டும், தாண்டினால் பிடிக்கட்டும். கோட்டுக்கு வெளியே தனக்கு உரிய தண்ணீரில் எந்தப் பாரில் நின்றான் என்பது எதற்கு? கரை சேர்ந்த பிறகு பழைய தடத்தை எதற்கு வைத்திருக்க வேண்டும்? 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டம் நம்மைப் பற்றிய தகவலுக்கு நம் சம்மதம் கேட்கச் சொல்கிறது, தமிழிலேயே கேட்டு வாங்கவும் உரிமை கொடுக்கிறது. ஆனால் அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அறிவித்துக்கொள்ளவும் அதிலேயே வாசல் வைத்திருக்கிறது. அப்புறம், படகின் தடம் டிரைவரைப் பற்றிய தகவலா, படகைப் பற்றிய தகவலா? மச்சானும் டிரைவரும் போட்ட அதே சண்டை, இந்த முறை வக்கீல் வைத்து நடக்கும்.

விஞ்ஞானத்தின் மேல் இவர்களுக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே. ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்ற நிலையம் மீன் கூடக்கூடிய இடங்களை அறிவிக்கிறது. செயற்கைக்கோள் கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்க்கும். பச்சை கூடிய இடத்தில் நுண்ணுயிர், அதைத் தின்னச் சின்ன மீன், அதன் பின்னால் பெரிய மீன். மேகம் மூடினால் கணிப்பு தடுமாறும், மற்றபடி டீசல் மிச்சம். குறை ஒன்றுதான், அறிவிப்பு எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. போய்ப் பார்த்தால் தீபாவளிக்கு முந்தின நாள் எம்.சி. ரோடு மாதிரி இருக்கிறது என்கிறார் அதே டிரைவர். அதனால் திசைக்கு இன்காய்ஸ், அதற்கு மேல் நோட்டு. பொது அறிவு பொதுவாகவே இருக்கட்டும், அவருக்கு ஆட்சேபம் இல்லை. தான் தேடிச் சேர்த்ததைக் கேட்காமல் பொதுவில் போடாதே என்கிறார், அவ்வளவுதான்.

காசு உள்ளவன் கவலை என்றாயே, அது உன் சொந்தச் சரக்கு இல்லை. ஓய்வுபெற்ற கர்நாடக நீதிபதி புட்டசுவாமி தொடுத்த வழக்கில் இதே வாதத்தை உச்ச நீதிமன்றத்திலும் வைத்துப் பார்த்தார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். ஏழைக்குச் சோறு போதும், இந்த உரிமை எதற்கு என்ற பேச்சையும் ஏற்கவில்லை.

மருந்துக் கடையில் மாத்திரைக்கு முன்னால் போன் நம்பர் கேட்கிறார்களே, அதற்கு நீ தாராளமாகக் கொடுக்கிறாய் என்று உன் பெண் சொன்னாள். கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதமே மத்திய நுகர்வோர் துறை சொல்லிவிட்டது. இனிமேல் கொடுக்காதே.

இங்கே சங்கக் கூட்டத்தில் பழைய தடங்களை அழிக்கச் சொல்லி மனு கொடுப்போமா என்று கேட்டேன். முதலில் டீசல் மானியம், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்பேன்.

நீ ஏப்ரலில் வருவதாக எழுதியிருக்கிறாய். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம், நல்ல மீன் கண்ணில் படாது, பட்டாலும் விலை கேட்க முடியாது. ஜூன் கடைசியில் வா. டிரைவரைக் கடைக்கு வரச் சொல்கிறேன், நீயே அவரிடம் உன் கேள்வியைக் கேள். நோட்டைக் காட்டுவார் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

அன்புடன்,
மணி