அறிவிப்பில் ஆளைக் காணோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அரசு அறிவிப்புகளின் தமிழ் ஏன் புரிவதில்லை என்று சென்ற இதழில் வந்த கட்டுரை, பழியை எல்லாம் கடினமான சொற்கள்மேல் போட்டிருந்தது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. ‘கட்டணம் செலுத்தத் தவறும் பட்சத்தில் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்பதில் நமக்குத் தெரியாத சொல் எது? அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை, அதுதான் சிக்கல். யார் கட்ட வேண்டும், யார் துண்டிக்கிறார், ஒன்றும் கிடையாது. ‘15ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள், கட்டாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம்’ என்று எழுதிப் பாருங்கள். படிப்பவரும் உள்ளே வந்துவிடுகிறார், எழுதியவரும் வந்துவிடுகிறார். இந்த இரண்டாவது ஆளைக் காட்டத்தான் அலுவலகங்களுக்குத் தயக்கம் என்பது என் சந்தேகம். ‘துண்டிப்போம்’ என்று எழுதிவிட்டால், ஏன் துண்டித்தீர்கள் என்று கேட்க ஒருவர் கிடைத்துவிடுவாரே!

நேருக்கு நேர் எழுதுவது நமக்குப் புதிதல்ல. சங்க இலக்கியமான பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள், அதாவது வழிகாட்டும் பாட்டுகள், இருக்கின்றன. எல்லாமே எதிரில் நிற்பவரைப் பார்த்துப் பேசுபவை. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நன்னன் என்ற மன்னனிடம் பரிசு பெற்ற கூத்தர், அவனைத் தேடிப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு, 583 அடி. பன்றிக்காகக் கல்பொறி மாட்டியிருக்கிறார்கள், இருட்டில் நடக்காதீர்கள், தங்கி விடிந்தபின் போங்கள் என்கிறது. கவண்கல் சீறி வரும், மரத்தின் மறைவில் போங்கள் என்கிறது. ‘கழிமின்’ (கடந்து போங்கள்), ‘பெறுகுவிர்’ (பெறுவீர்கள்) என்று ஆபத்தும் சாப்பாடும் ‘உங்களுக்கு’ என்றே வருகின்றன. மலைப்பாதைகளில் இன்று வனத்துறை வைக்கும் பலகைகளை எழுதுபவர்கள் அந்தப் பகுதியை ஒருமுறை படிக்கலாம்.

நேரடியாகப் பேசினால் மரியாதை குறைந்துவிடும் என்பார்கள் சிலர். ‘கட்டுங்கள்’ என்பதிலேயே வேண்டிய மரியாதை இருக்கிறது. அப்புறம், விளிப்பதையே மரியாதை என்று எண்ணுவதும் சரியல்ல. நம் மேடைகளில் ‘அவர்களே, அவர்களே’ என்று பட்டியல் முடிவதற்குள் கூட்டம் பாதி கலைந்துவிடுகிறது. அங்கே வந்திருப்பவர்களிடம் இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் இதழில் மாதாமாதம் வரும் குறிப்பு: ‘தேர்வு செய்யப்படாத படைப்புகள் திருப்பி அனுப்பப்பட மாட்டாது.’ இலக்கணப்படி ‘மாட்டா’ என்று இருக்க வேண்டும்; அதைவிட, ‘திருப்பி அனுப்ப எங்களால் இயலவில்லை, ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்’ என்று போட்டால் என்ன?

– வாசகர், திருவண்ணாமலை