திரையில் தெரிந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு,

வணக்கம். அறுவை அரங்கின் புதுக் கருவிகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தொண்டைக்குள் இருப்பதைக் கேமரா வழியே திரையில் காட்டும் வீடியோ லாரிங்கோஸ்கோப் பற்றிய பத்தியில், இனி எல்லாவற்றையும் கேமரா பார்த்துக்கொள்ளும், டாக்டரின் கைப்பழக்கத்துக்கு வேலையில்லை என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது. 25 வருடமாக மயக்க மருந்து கொடுக்கும் வேலையில் இருப்பவள் நான். அந்த வரியோடு மட்டும்தான் எனக்குச் சண்டை, கருவியோடு இல்லை. மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது முதல் முயற்சிக்கே இந்தக் கருவியைக் கையில் எடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

முழு மயக்கத்தில் நோயாளி தூங்க மட்டும் செய்வதில்லை. தசைகளைத் தளர்த்தும் மருந்தும் போவதால் மூச்சு நின்றுவிடுகிறது. அதற்கு முன்பே முகமூடி வைத்து நுரையீரலை ஆக்சிஜனால் நிரப்பி வைத்திருப்போம். அந்தக் கையிருப்பு தீர்வதற்குள், நாக்கைத் தாண்டி, குரல்வளை மூடியைத் தாண்டி, இரண்டு குரல் நாண்களுக்கு நடுவே டியூபைச் செலுத்த வேண்டும். உணவுக்குழாயின் வாய் அதற்கு நேர் பின்னால் இருக்கிறது. கொஞ்சம் தவறினால் அங்கே போய்விடும்.

1943இல் ராபர்ட் மெக்கின்டாஷ் வடிவமைத்த வளைந்த பிளேடுதான் (நாக்கை ஒதுக்கித் தூக்கும் தகடு, வெட்டும் கத்தி இல்லை) இன்றுவரை எங்கள் அன்றாடக் கருவி. அதில் ஒரு நிபந்தனை உண்டு. டாக்டரின் கண்ணிலிருந்து குரல் நாண் வரை நேர்க்கோடு கிடைக்க வேண்டும். தலையை நிமிர்த்தி, நாக்கை இடப்பக்கம் ஒதுக்கி, தாடையைத் தூக்கி அந்தக் கோட்டை உண்டாக்குவோம். தாடை சிறியதாக இருந்தாலோ, கழுத்து வளையாவிட்டாலோ, வாய் சரியாகத் திறக்காவிட்டாலோ கோடு கிடைக்காது. மூலை திரும்பி எட்டிப் பார்க்கிற வேலையைத்தான் பிளேடின் நுனியில் இருக்கும் கேமரா செய்கிறது. யோசித்தால் இது புது எண்ணமே இல்லை. மனுவேல் கார்சியா என்ற ஸ்பானியப் பாட்டு வாத்தியார் 1854இலேயே சிறு கண்ணாடிகளையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துக்கொண்டு தன் குரல் நாண்களைத் தானே பார்த்துவிட்டார்!

ஆதாரம் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் 7,736 நோயாளிகளிடம் இரண்டு வகைக் கருவிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2024இல் வெளிவந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட முயற்சி தேவைப்பட்டது பழைய முறையில் நூற்றுக்கு 7.6 பேருக்கு, வீடியோவில் 1.7 பேருக்கு. இரண்டாம் முயற்சி என்பது சாதாரண விஷயம் இல்லை. ஒவ்வொரு முறை உரசும்போதும் தொண்டை வீங்கும், ரத்தம் கசியும், அடுத்த முயற்சி இன்னும் கடினமாகும்.

சரி, அப்படியானால் என் சண்டை எங்கே? நன்றாகத் தெரிவதும் டியூப் உள்ளே போவதும் ஒன்றில்லை என்பதில்தான். நான் வீடியோவுக்குப் புதிதாக மாறிய சமயம், கூடுதலாக வளைந்த பிளேடு ஒன்றைப் பயன்படுத்தினேன். பாடப்புத்தகப் படம் மாதிரி குரல் நாண்கள் திரை முழுக்கத் தெரிந்தன. டியூபோ மூச்சுக்குழாயின் முன்சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. திருப்பிப் பார்த்தேன், அழுத்திப் பார்த்தேன், அசையவில்லை. பக்கத்தில் நின்ற சிஸ்டர் மெதுவாக, "மேடம், பிளேடைக் கொஞ்சம் பின்னால இழுத்துப் பாருங்க" என்றார். இழுத்தேன். திரையில் காட்சி பாதியாகக் குறைந்தது, டியூப் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. காட்சி அழகாக இருக்கட்டும் என்று பிளேடை நெருக்கிக் கொண்டுபோனதில் டியூப் திரும்ப இடமில்லாமல் செய்திருந்தேன். பிளேடின் வளைவுக்கு ஏற்ற ஸ்டைலட்டை, அதாவது டியூபை வளைவாகப் பிடித்து வைக்கும் கம்பியை, டியூபுக்குள் வைத்து, நுனி குரல் நாண்களை எட்டியதும் அதைக் கொஞ்சம் உருவ வேண்டும் என்பதெல்லாம் கைப்பழக்கம் இல்லாமல் வேறென்ன?

இன்னொரு ஆபத்தும் உண்டு. கண் திரையிலேயே இருந்தால் வாய்க்குள் போகிற டியூப் யார் பார்வையிலும் இருக்காது. மென் அண்ணத்தையும் டான்சிலையும் அது கிழித்துவிடலாம். அதனால் என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களுக்கு ஒரு வரிசை சொல்லிக் கொடுப்பேன்: பிளேடு நுழையும்போது வாயைப் பார், அப்புறம் திரை, டியூப் நுழையும்போது திரும்பவும் வாயைப் பார், அப்புறம் திரை. ரத்தமோ வாந்தியோ கேமராவை மூடிவிட்டால் திரையில் ஒன்றும் தெரியாது. அப்போது பழைய முறைதான் கைகொடுக்கும். மெக்கின்டாஷ் வடிவத்திலேயே கேமரா பொருத்திய பிளேடுகள் இருக்கின்றன. பயிற்சிக்கு வந்தவர் நேரடியாக வாய்க்குள் பார்க்கட்டும், திரை என் பக்கம் திரும்பி இருக்கட்டும் என்று சில நாட்கள் வைத்துக்கொள்வேன்.

கட்டுரை தொடாமல் விட்ட பெரிய லாபம் இதுதான். முன்பெல்லாம் அந்த நேரத்தில் தொண்டைக்குள் பார்ப்பது ஒரே ஒருவரின் கண். பயிற்சிக்கு வந்த பையனிடம் "என்னப்பா தெரியுது?" என்றால், "தெரியுது மேடம்" என்பான். டியூப் உணவுக்குழாயில் இருக்கும். இப்போது அவன் பார்ப்பதை நானும் பார்க்கிறேன், சிஸ்டரும் பார்க்கிறார். வெளியிலிருந்து கழுத்தை அழுத்திக் கொடுப்பவர், தன் விரல் அசைவுக்கு உள்ளே என்ன நகர்கிறது என்று பார்த்தே அழுத்துகிறார். அன்று சிஸ்டர் எனக்கு யோசனை சொல்ல முடிந்ததும் அவருக்கும் திரை தெரிந்ததால்தான்.

ஆனாலும் டியூப் சரியான இடத்தில் இருப்பதற்குத் திரை மட்டும் சாட்சி ஆகாது. வெளிவரும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு இருக்கிறதா என்று காட்டும் கேப்னோகிராஃப் அலை மூச்சுக்கு மூச்சு வர வேண்டும். அலை வரவில்லையா, டியூப் தப்பான இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் அடுத்த வேலை. "நான் என் கண்ணால் பார்த்தேனே" என்று அங்கே வாதாடக் கூடாது.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். கட்டுரையோடு வந்த படத்தில் டாக்டர் லாரிங்கோஸ்கோப்பை வலது கையில் பிடித்திருக்கிறார். இடக்கைக்காரரோ வலக்கைக்காரரோ, வழக்கமான பிளேடை இடது கையில்தான் பிடிப்போம். டியூப் வலது கையில். படம் இடவலம் மாறி அச்சாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மயக்கவியல் மருத்துவர்