செயலாளரின் ஆண்டறிக்கை: தம்பலகாமத்து ஊர்வரலாற்று வேலை

தலைவர் அவர்களே, ஊர்ப் பெரியோரே, அங்கத்தவர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. அறுவடை நாட்களில் ஆள் சேரவில்லை. அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். எனக்கு இந்த வருடத்தில் பெரிதாகத் தெரிவது நாங்கள் தொடங்கிய ஊர்வரலாற்று வேலைதான்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் இல்லையென்றால் திருக்கோணமலைப் பக்கத்து வயலூரான எங்கள் தம்பலகாமம் இல்லை. அந்தக் குளத்தை 7ஆம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டியதாக வரலாறு எழுதியோர் சொல்வர். திருக்கோணமலைக் கோயில் சிவனான கோணேசருக்கு நெல் விளைய வேண்டுமென்று குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டினான் என்பது எங்கள் வழிவழிப் பேச்சு. ஊர்வரலாற்றுக் கொப்பியில் இரண்டையும் எழுதியிருக்கிறோம். பாலமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டையும் சேர்த்தோம். பொலன்னறுவை மன்னன் முதலாம் விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டில், ஒரு பிராமணப் பெண் இறந்த கணவனை நினைத்துக் கந்தளாய்ச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த தானம் அதில் இருக்கிறது. ஏறத்தாழ 900 வருடங்களுக்கு முன்னரே குளத்தோரம் குடியும் கோயிலுமாக இருந்திருக்கிறது!

1620களில் போர்த்துக்கேயர் திருக்கோணமலைக் கோயிலை இடித்தார்கள். அப்புறம்தான் எங்கள் வயல்களுக்கு நடுவே ஆதி கோணேஸ்வரக் கோயில் எழுந்தது. நெல் விளைகிற ஊர் என்பதால் பூசை தவறாது என்று நம்பித்தான் கோணேசரை இங்கே கொண்டுவந்திருப்பார்கள் என்பது என் எண்ணம்.

1986 ஏப்ரல் 20 விடியப்புறம் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதைச் சொல்ல உட்கார்ந்த சிலர் பாதியிலேயே எழுந்து போனார்கள். நாங்கள் வற்புறுத்தவில்லை.

ஒரு பெரியவர் தம் தகப்பனார் நெல் அளந்த மரைக்கால் என்ற அளவுப் பாத்திரத்தை எடுத்து வந்தார். வாய்விளிம்பு தேய்ந்து, பிடித்த இடம் கறுத்துப் பளபளத்தது. களத்தில் அளக்கும்போது ‘ஒன்று’ என்று எண்ணுவதில்லை, ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார்கள் என்று அளந்தே காட்டினார். களத்துக்குள் நெல்லைப் பொலி என்றும் மாட்டை வாரிக்காலன் என்றும்தான் சொல்ல வேண்டுமாம். பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்கு இந்தச் சொற்கள் புதிது. மாடு விட்டுச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்ததை அவர்கள் கண்டதில்லை, மெசினைத்தான் கண்டிருக்கிறார்கள்.

சரி, அடுத்த வருடம் வட்டை என்னும் வயல்வெளிகளின் பெயர்களையும் வாய்க்கால் பெயர்களையும் எழுத வேண்டும். வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்த்த வட்டவிதானையாக இருந்த பெரியவர்களிடம் முதலில் போவோம், அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். வீட்டில் பழைய காணி உறுதியோ மரைக்காலோ இருந்தால் எறிந்துவிடாமல் சொல்லி அனுப்புங்கள். நாங்களே வந்து பார்த்து எழுதிக்கொள்வோம்.

நன்றி.
செயலாளர்