பென்னிகுக்கைத் தேடப் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் பழையபடிதான். தீபாவளிக்கு அனுப்பிய பார்சல் போன வாரம் திரும்பி வந்துவிட்டது. அதிரசம் பூத்துப் போயிருந்தது, முறுக்கைத் தம்பி தின்று தீர்த்தான். அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். வீட்டு எண்ணை நான்தான் தப்பாக எழுதிவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

அது கிடக்கட்டும். முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுக்கின் ராணுவ வாழ்க்கையை ஆவணத்திலிருந்து எடுப்பது எப்படி என்று ஆடி மாதம் கேட்டிருந்தாய். பொங்கல் மலருக்கு வேண்டும் என்று வாசகசாலைக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டுப் போகிறார்கள். ஃபோனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில், அப்பனையும் மகனையும் குழப்பிக்கொள்ளாதே. இருவருக்கும் ஜான் பென்னிகுக் என்றே பெயர். அப்பா ராணியின் படை, 24ஆம் ரெஜிமெண்ட். அணை கட்டிய மகன் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் இஞ்சினியர்ஸ். படை வேறானால் காகிதம் இருக்கும் கட்டடமும் வேறு. ராணியின் படைக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக்காப்பகம். கம்பெனிப் படைக்கு செயின்ட் பாங்க்ராஸில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் பதிவுகள். இது தெரியாமல் கியூவிலேயே நாள்கணக்கில் உட்கார்ந்துவிட்டு, ஆவணமே இல்லை என்று எழுதுகிறவர்கள் உண்டு.

பெரியவரை, அதாவது அப்பாவை, ஆர்மி லிஸ்ட் என்ற அரசின் அதிகாரிகள் பட்டியலிலிருந்து தொடங்கு. அதோடு ஹார்ட் என்ற அதிகாரி 1839 முதல் வெளியிட்ட பட்டியலையும் வைத்துக்கொள். அரசுப் பட்டியலைவிட அதில் போர்ச் சேவைக் குறிப்பு அதிகம். கடைசி ஆண்டை எடுத்து ஒவ்வோர் ஆண்டாகப் பின்னால் போ. ஒவ்வொரு பதவியின் தேதியையும் குறி. இங்கேதான் பலர் விழுகிறார்கள். ரெஜிமெண்டில் ஒரு பதவி, பிரெவட் என்று ராணுவத்தில் அதற்கு மேல் ஒரு பதவி, இரண்டுக்கும் இரண்டு தேதி. ரெஜிமெண்டில் கேப்டனாக இருப்பவர் பிரெவட் மேஜராக இருப்பார். ஒரு பத்தியை மட்டும் பார்த்தால் சில வருடங்கள் பிசகிவிடும்.

பிறகு பதவி நியமனங்கள் வெளியாகும் அரசிதழான லண்டன் கெஜட். இணையத்தில் இலவசம். ஆனால் குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினால் பாதி சிக்காது. பழைய அச்சை இயந்திரம் தப்பாகப் படிக்கும், அந்தப் பெயரையும் ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். ரெஜிமெண்ட் எண்ணையும் மாதத்தையும் போட்டுத் தேடி, பக்கத்தைக் கண்ணால் படி. 1881க்குப் பிறகு எண்ணும் உதவாது. அந்த வருடம் 24ஆம் ரெஜிமெண்டே சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் ஆகிவிட்டது.

அந்தக் காலத்தில் காலாட்படைப் பதவியை விலைக்கு வாங்கலாம். அடிமட்ட அதிகாரியான என்சைன் பதவிக்கு 450 பவுண்ட், கேப்டனுக்கு 1,800, லெப்டினன்ட் கர்னலுக்கு 4,500. இது சட்ட விலை. மறைவாகக் கைமாறியது இதற்கு மேல். 1871இல்தான் ஒழித்தார்கள். விண்ணப்பமும் சிபாரிசுக் கடிதமும் கியூவில் டபிள்யூ.ஓ. (வார் ஆபீஸ், போர்த் துறை) 31 வரிசையில், கமிஷன் என்ற அதிகாரி நியமனத்தின் தேதிப்படி மாதமாதமாகக் கட்டப்பட்டிருக்கும். அதனால்தான் கெஜட் தேதியை முதலில் எடுக்கச் சொல்கிறேன். ரெஜிமெண்ட் வைத்திருந்த சேவைப் பதிவு டபிள்யூ.ஓ. 76. அதிகாரிகள் தங்கள் சேவையை எழுதிக்கொடுத்த விவரங்கள் டபிள்யூ.ஓ. 25இல், 1829இல் ஒரு தொகுதி, 1847இல் ஒன்று என்று இருக்கின்றன. சிலவற்றில் கல்யாணத் தேதி, பிள்ளைகளின் பெயர்கூட இருக்கும்.

ஒரு விஷயத்தை மறக்காதே. ரெஜிமெண்ட் பக்கத்திலிருந்து ஒருவர் பெயர் காணாமல் போனால் செத்துவிட்டார் என்று எழுதிவிடாதே. அரைச் சம்பளத்தில் ஒதுங்கியிருப்பார். பின்பக்கத்தில் அதற்குத் தனிப் பட்டியல் உண்டு. வேறு ரெஜிமெண்டுக்கு மாற்றிக்கொண்டிருப்பார். ஒதுங்கியிருப்பது ஒன்றும் அவமானம் இல்லை, பாப்பா. எத்தனையோ பேர் அப்படி இருந்துவிட்டுத் திரும்ப வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளை ஃபோனுக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. வேலை அதிகமாக இருக்கும்.

பெரியவர் 1849 ஜனவரி 13 அன்று பஞ்சாபில் சீக்கியரோடு நடந்த சிலியன்வாலா போரில் விழுந்தார். அதே ரெஜிமெண்டில் என்சைனாக இருந்த இன்னொரு மகன் அலெக்சாண்டரும் அப்பாவின் உடலைக் காத்து நின்று அங்கேயே செத்தான். பதினேழு வயது. நம்முடைய பென்னிகுக்குக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் பாக்கி. பெரியவரின் மனைவி சாராவைத் தேடுவதானால், போரில் இறந்த அதிகாரிகளின் மனைவிமார் பென்ஷன் கேட்ட மனுக்களும் டபிள்யூ.ஓ. 25இலேயே இருக்கின்றன. கல்யாணச் சான்று, பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்று இணைத்துத்தான் மனுப் போடவேண்டும் என்பதால் குடும்பமே அதில் கிடைக்கும்.

இனி நம் ஆள். 1841 ஜனவரி 15, பூனாவில் பிறப்பு. பூனா பம்பாய் மாகாணம், ஆகவே ஞானஸ்நானப் பதிவு இந்தியா ஆபீஸ் பதிவுகளில் என்/3 வரிசை. மெட்ராஸ் அதிகாரிதானே என்று மெட்ராஸ் வரிசையான என்/2வில் தேடாதே. கம்பெனியின் ராணுவப் பள்ளியான அடிஸ்கோம்பில் படித்தவர், எனவே கேடட் காகிதம் அங்கேயே எல்/மில்/9 வரிசை. மெட்ராஸ் அதிகாரிகளின் சேவைப் பதிவு எல்/மில்/11. 1858இல் கமிஷன், 1860இல் இந்தியா. இஞ்சினியர்களுக்கு விலைக்கு வாங்கும் வழக்கம் கிடையாது, மூப்புதான், டபிள்யூ.ஓ. 31 பக்கம் போகாதே. 1862இல் மெட்ராஸ் இஞ்சினியர்ஸ் ராயல் இஞ்சினியர்ஸோடு சேர்ந்ததால், அதற்குப் பிறகு பெயர் வேறு தலைப்பின் கீழ் போய்விடும். 1868 அபிசீனியப் (இன்றைய எத்தியோப்பியா) படையெடுப்பில் இருந்தார். அந்தப் பதக்கத்தின் பின்பக்கத்தில் பெற்றவரின் பெயரே புடைத்திருக்கும். பதக்கப் பட்டியல் கியூவில், டபிள்யூ.ஓ. 100.

1887 முதல் 1895 வரை பெரியாற்றில் கிடந்தாரே, அந்த வருடங்களில் ஆர்மி லிஸ்டைப் பார். மூப்புப்படி பெயர் மேலே மேலே போய்க்கொண்டிருக்கும். காடு, காய்ச்சல், வெள்ளம் அடித்துப்போன தடுப்பு, எதுவும் இருக்காது. பட்டியலில் பெயர் இருக்கிறது என்றால் ஆள் உயிரோடு இருக்கிறார், அவ்வளவுதான். என்ன பட்டார் என்பது பொதுப்பணித் துறை நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கிறது. எழும்பூர் ஆவணக்காப்பகத்தில் நான் பார்த்துக்கொள்கிறேன். இங்கிலாந்துச் சொத்தை விற்று அணை கட்டினார் என்று ஊரே சொல்கிறது. காகிதம் கிடைத்தால் எழுது, இல்லையென்றால் மலரில் அதைப் போடவேண்டாம். 1911இல் இறந்தார், அந்த ஆண்டின் உயில் அட்டவணையையும் புரட்டு.

'நல்லா இருக்கேன்ப்பா' என்று வாரம் தவறாமல் வாட்ஸ்அப்பில் வருகிறது. அதையும் நான் ஆர்மி லிஸ்ட் மாதிரிதான் படித்துக்கொண்டிருந்தேன். சித்திரையில் நடுராத்திரி நீ ஃபோன் செய்து அழுதபோது, 'பொறுத்துப் போம்மா, எல்லா வீட்டிலும் உள்ளதுதான்' என்றேன். என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூக்கக் கலக்கம் இல்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாய் என்று பயந்தேன். தப்பு என்னுடையது. அம்மாவுக்கு அந்த ஃபோன் வந்ததே தெரியாது.

பிரிம்லியில் பென்னிகுக்கின் கல்லறை முன்னால் நீங்கள் இருவரும் எடுத்த படம் இன்னும் ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. எடுக்கவேண்டும் என்றால் எடுத்துவிடுகிறேன்.

கியூவுக்குப் போகும்போது பென்சில்தான் கொண்டுபோகவேண்டும், பேனாவை உள்ளே விடமாட்டார்கள். ஃபோனில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. ஸ்வெட்டர் போட்டுக்கொள். சாப்பிட்டுவிட்டுப் போ. மூல ஆவணம் பார்க்க ரீடர் டிக்கெட் வேண்டும். அதற்குப் பெயருக்கு ஒரு சான்று, முகவரிக்கு ஒரு சான்று கேட்பார்கள். இப்போது எந்த முகவரியில் இருக்கிறாயோ அதற்குள்ளதை எடுத்துப் போ. அதை எனக்கும் எழுது. அம்மா மறுபடி முறுக்குச் சுட மாவு அரைத்து வைத்திருக்கிறாள்.

அப்பா